அரசே முதலாளி ஆகும்போது: வி.வி. கிரியை முன்வைத்து

(டெல்லி சரோஜினி நகரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தொழிலாளர் வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். சென்னையின் பி அண்டு சி மில்லைப் பற்றியோ சிங்காரவேலரைப் பற்றியோ பேசுவேன் என்று பலர் நினைத்திருக்கலாம். நான் வராககிரி வேங்கட கிரியை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் இந்த இடம்தான். இது அரசு ஊழியர்களின் குடியிருப்பு. அகவிலைப்படி எப்போது ஏறும், சம்பளக் கமிஷன் என்ன சொல்லும் என்று மூன்று தலைமுறையாகப் பேசிக்கொண்டிருந்த வீடுகள் இவை. பழைய பிளாக்குகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. பேச்சு மட்டும் மாறவில்லை. உங்கள் எல்லோருக்கும் முதலாளி ஒருவர்தான், அது அரசு. கிரியின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி உங்களுக்கு நெருக்கமாக இருப்பதுபோல் வேறு அவைக்கு இருக்காது என்று நம்புகிறேன்.

இந்த நகருக்குப் பெயர் தந்த சரோஜினி நாயுடுவும் கிரியும் 1931-இல் லண்டனில், இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் ஒரே அவையில் இருந்தவர்கள். கிரி அங்கே என்.எம். ஜோஷி, பி. சிவராவ் ஆகியோருடன் தொழிலாளர் பிரதிநிதியாகப் போயிருந்தார். பின்னாளில் லக்னோ ஆளுநர் மாளிகையிலும் இருவரும் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தார்கள். சரோஜினி அம்மையார் 1947 முதல் 1949 வரை, கிரி 1957 முதல் 1960 வரை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரி வாழ்நாள் முழுவதும் ஒரு கொள்கையை விடாமல் பிடித்திருந்தார். தொழிலாளியும் முதலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித்தான் தீர்வு காண வேண்டும். மூன்றாம் ஆளாக அரசோ நீதிமன்றமோ தீர்ப்புச் சொல்லி முடித்துவைப்பது இருவருக்குமே கேடு. அப்படிப் பேசுவதற்குத் தொழிலாளிக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படியான வலுவான சங்கம் வேண்டும். தனியார் முதலாளியிடம் இந்தக் கொள்கை ஓரளவு செல்லுபடியானது. அரசே முதலாளியாக இருந்த இடத்திலும், அரசு முதலாளியின் பக்கம் சாய்ந்த இடத்திலும் அது திரும்பத் திரும்ப முறிந்தது. கிரியின் வரலாற்றை அந்த முறிவுகளின் வழியாகப் படித்தால்தான் அவர் யார் என்று தெரியும். ராஷ்டிரபதி பவனில் தொடங்கிப் பின்னோக்கிப் படித்தால் ஒரு பதவிப் பட்டியல்தான் கையில் மிஞ்சும்.

1. டப்ளினும் கரக்பூரும்

கிரி பிறந்தது 1894 ஆகஸ்ட் 10, அன்றைய சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில். இன்று அது ஒடிசா. தந்தை ஜோகய்ய பந்துலு பெயர் பெற்ற வழக்கறிஞர். 1913-இல் சட்டம் படிக்க மகன் போன ஊர் டப்ளின். அந்த ஆண்டு டப்ளின் எப்படி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டில் அங்கே பெரும் கதவடைப்பு தொடங்கியது. முதலாளிகள் கேட்டது ஒன்றே ஒன்று: ஜிம் லார்கினின் சங்கத்தில் சேர மாட்டேன் என்று தொழிலாளி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்த ஏறத்தாழ 20,000 பேர் வேலையிழந்து, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, 1914 தொடக்கத்தில் தோற்றுத் திரும்பினார்கள். கூலிக் கணக்கைத் தாண்டி, சங்கம் என்ற ஒன்று இருக்கலாமா என்பதற்காகவே நடந்த போராட்டம் அது.

அந்தச் சங்கத்தின் இன்னொரு தலைவரான ஜேம்ஸ் கானொலி 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்று, மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுச்சிக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் கிரியையும் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். தன்னைத் தொழிலாளர் பக்கம் திருப்பியது அயர்லாந்துதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவந்தார். நான் இதில் ஒரு படி மேலே போகிறேன். சங்கத்தை அங்கீகரி, பிறகு அதனோடு பேசு என்ற அவருடைய பிடிவாதம் முழுக்க முழுக்க டப்ளின் கதவடைப்பின் பாடம். பின்னாளில் அமைச்சராக அவர் எழுதிய குறிப்புகளைவிட அந்தக் குளிர்காலமே அவர் கொள்கைக்கு நல்ல விளக்கம்.

ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழில், பிறகு ஒத்துழையாமை, சாராயக்கடை மறியல், 1922-இல் சிறை. அதற்குப் பின் அவர் போய்ச் சேர்ந்த இடம் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தொழிலாளர் சங்கம். கரக்பூர் பட்டறையில் தெலுங்கர்கள் ஏராளம். கிரிக்கு மொழி தடையாக இல்லை. 1927-இல் அங்கே ஆட்குறைப்பை எதிர்த்து நீண்ட போராட்டம் நடந்தது. மறு ஆண்டு நம் தென்னிந்திய ரயில்வேயிலும் அதே ஆட்குறைப்புக்காக வேலைநிறுத்தம் வெடித்துச் சிங்காரவேலர் சிறை போனார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 1920-களில் உருவான அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் நிறுவனர்களில் கிரி ஒருவர். அதன் பொதுச்செயலராகப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர். இந்தச் சம்மேளனத்தின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1974-க்கு வரும்போது தேவைப்படும்.

1926-இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் (ஏஐடியுசி) தலைவர், 1927-இல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதி. 1929 நாக்பூர் மாநாட்டில், நேரு தலைமை வகித்த அந்த மாநாட்டில், ஏஐடியுசி பிளந்தபோது ஜோஷியோடு வெளியேறியவர்களில் கிரியும் இருந்தார். அரசின் தொழிலாளர் விசாரணைக் கமிஷனைப் புறக்கணிப்பதா, அதன் முன் போய்ப் பேசுவதா என்பதுதான் அன்றைய பெரும் சண்டை. கிரி பேசப் போகும் பக்கத்தில் நின்றார். இடதுசாரித் தோழர்கள் இதை அவருடைய சமரசப் போக்குக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எவனோடும் பேசலாம், ஆனால் சங்கமாகப் போய்ப் பேச வேண்டும் என்பதே அவர் நிலை. பிரிந்த சங்கங்களை மறுபடி ஏஐடியுசியோடு இணைக்க 1938-இல் வழி தேடியதும் அவர்தான்.

2. சங்கத்திலிருந்து அரசுக்கு

சங்கத் தலைவர்கள் ஆட்சிக்கு வருவது அந்த நூற்றாண்டில் உலகெங்கும் நடந்தது. ஏஐடியுசி பம்பாயில் தோன்றிய அதே 1920-இல் பாலஸ்தீனத்தின் ஹைஃபாவில் யூதத் தொழிலாளரின் ஹிஸ்தத்ருத் தோன்றியது. அதன் செயலர் பென்-குரியன் 1948-இல் இஸ்ரேலின் முதல் பிரதமரானார். அவருக்குப் பின் அதை நடத்திய டேவிட் ரெமெஸ் முதல் போக்குவரத்து அமைச்சரானார். கிரி டெல்லியில் தொழிலாளர் அமைச்சராக இருந்த ஆண்டுகளில் ஜெருசலேமில் அதே பதவியில் இருந்தவர் கோல்டா மேயர். அவரும் ஹிஸ்தத்ருத்தில் வளர்ந்தவர். அந்த அமைப்பு ஒரே நேரத்தில் தொழிற்சங்கமாகவும், சோலெல் போனே போன்ற பெரும் கட்டுமான நிறுவனத்தின் உரிமையாளராகவும் இருந்தது. அரபுத் தொழிலாளரை 1959 வரை அது முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சங்கம், முதலாளி, அரசு மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் வெளியே நிற்கும் தொழிலாளியின் கதி என்ன என்பதை ஆராய விரும்புவோர் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பிரிட்டனில் எர்னஸ்ட் பெவின். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர், 1940-இல் தொழிலாளர் அமைச்சர். அமைச்சரான சில வாரங்களிலேயே, போர்க் காலத்தைக் காரணம் காட்டி, வேலைநிறுத்தத்தைத் தடுத்துக் கட்டாய நடுவர் தீர்ப்பைப் புகுத்தும் 1305-ஆம் ஆணையைக் கொண்டுவந்தார். 1942-இல் இந்தியாவில் பாதுகாப்பு விதி 81-அ செய்ததும் இதுவே. போர் முடிந்ததும் அந்த விதியின் உயிர் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிரி பின்னாளில் மோதியது அந்தச் சட்டத்தோடுதான்.

அவர் முதலில் அமைச்சரானது சென்னையில். 1937 தேர்தலில் பொப்பிலித் தொகுதியில் பொப்பிலி ராஜாவையே, அதாவது ஜஸ்டிஸ் கட்சியின் மாகாண முதல்வரையே, தோற்கடித்து வந்து ராஜாஜி அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் துறைகளை ஏற்றார். கோவை மில்களில் அப்போது கொந்தளிப்பு. விசாரணை மன்றம் அமைத்து இருதரப்பையும் பேசவைக்கும் வழியை அவருடைய துறை எடுத்தது. பம்பாய் காங்கிரஸ் அரசு 1938-இல் வேலைநிறுத்தத்துக்குக் கடிவாளம் போடும் சட்டம் கொண்டுவந்து, நவம்பர் 7 அன்று அம்பேத்கரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தைச் சந்தித்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1946-இல் மறுபடி அமைச்சர், இம்முறை பிரகாசம் தலைமையில். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில், வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர் மீது மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். ரயில்வே மத்திய அரசுடையது. சுட்ட போலீஸ் மாகாண அரசுடையது. அந்த மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர் ரயில்வே சங்கத்தைக் கட்டியவர். கிரியைப் பற்றிய பாராட்டுரைகளில் பொன்மலை வருவதில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன். அரசு ஒரு கையால் பேச்சுக்கு அழைத்து மறுகையால் சுடும்போது, உள்ளே இருக்கும் தொழிலாளர் அமைச்சர் எவ்வளவு சிறியவர் என்பதை முதலில் காட்டிய இடம் அது.

3. கொழும்பு

1947-இல் கிரி இலங்கைக்கு இந்தியாவின் முதல் ஹைகமிஷனராகப் போனார். 1951 வரை இருந்தார். இதைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழர் நாம் அப்படிக் கடக்க முடியாது. அந்த நான்கு ஆண்டுகளில்தான் மலையகத் தமிழரின் குடியுரிமை போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் வாக்குரிமைத் திருத்தமும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை நாடற்றவர்களாக்கின. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள்தான் அவர்கள். அந்தத் தீவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம்.

நேருவும் டி.எஸ். சேனநாயக்கவும் 1947 டிசம்பரில் பேசியும் உடன்பாடு வரவில்லை. தூதராக இருந்த கிரியால் தன் அரசு சொல்லாததைச் சொல்ல முடியாது. பின்னர் 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பேச்சு நடந்தது. பேசப்பட்டவர்களின் சங்கம் அந்த மேசையில் இல்லை. கிரி தன் வாழ்வெல்லாம் எதிர்த்த முறை இதுதான்: தொழிலாளியின் விதியைத் தொழிலாளி இல்லாத அறையில் தீர்மானிப்பது. அந்த முறையின் தொடக்கக் கட்டத்தில் அவரே அரசின் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் இருந்தார்.

4. 1954

என் உரையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1952-இல் பாத்தபட்டினம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார் கிரி. அந்த ஆண்டு அக்டோபரில் நைனிதாலில் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் இருந்தன. கிரி அங்கே தன் திட்டத்தை வைத்தார். தகராறு வந்தவுடன் அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் வழக்கத்தை மெல்ல விட்டுவிடுவோம். இருதரப்பும் தாமே பேசட்டும். முடியாவிட்டால் இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் போகட்டும். கட்டாயத் தீர்ப்பாயம் தொழிற்சங்கத்தின் வேரையே வெட்டுகிறது என்பது அவர் வாதம். ஒன்றுசேர்ந்தால்தான் பிழைப்பு என்று தெரிந்தால் தொழிலாளி ஒன்றுசேர்வான். வழக்குப் போட்டாலே போதும் என்றால் எதற்குச் சேரப் போகிறான்? தீர்ப்பாயத்தை அவர் அதிருப்தியின் வாசனை பிடித்துக்கொண்டு நிற்கும் போலீஸ்காரனோடு ஒப்பிட்டார்.

இந்தத் திட்டத்துக்கு யார் ஆதரவு தந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ யாருமில்லை. முதலாளிகள் தயங்கியது புரிகிறது. இந்திய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸும் (ஐஎன்டியுசி) எதிர்த்தது, இடதுசாரிச் சங்கங்களுக்கும் நம்பிக்கையில்லை. எங்கள் சங்கம் இன்னும் வலுவாகவில்லை, நீதிமன்றத்தையும் எடுத்துவிட்டால் முதலாளி எங்களை விழுங்கிவிடுவான் என்பது அவர்கள் கவலை. பொய்யான கவலை என்று சொல்ல மாட்டேன். 1947-இல் சங்க அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கிய திருத்தச் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கே வரவில்லை. அங்கீகாரம் இல்லாமல் எதை வைத்துப் பேசுவது? கிரியின் திட்டத்தில் இருந்த உண்மையான ஓட்டை இதுதான்: நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று சங்கங்கள் சொல்லின, இறங்கினால்தான் நீச்சல் வரும் என்றார் கிரி, ஆற்றங்கரைக்குப் போகும் வழியையே சட்டம் பூட்டி வைத்திருந்தது.

இப்படிக் கட்டாயத் தீர்ப்பாயத்தை வெறுத்த அமைச்சர், ஒரு தீர்ப்பாயத்தின் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காகப் பதவி துறந்தார். முரண்போலத் தெரியும். விவரத்தைப் பார்ப்போம். வங்கி ஊழியரின் சம்பளத் தகராறு 1940-களின் இறுதியிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. சென் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை 1951-இல் உச்ச நீதிமன்றம் சட்டச் சிக்கலுக்காகச் செல்லாது என்றது. அடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பஞ்சாபகேச சாஸ்திரியின் தலைமையில் இன்னொரு தீர்ப்பாயம், 1953-இல் தீர்ப்பு. அதன் மேல் மேல்முறையீடு. 1954-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியருக்குச் சற்றுக் கூடுதலாகத் தந்தது. எல்லாம் அரசு போட்ட பாதை. அந்தப் பாதையின் கடைசிப் படி வரை ஊழியர்கள் பொறுமையாக ஏறினார்கள். அப்போது நிதி அமைச்சகம், சிறு வங்கிகளும் கிராமப்புறக் கிளைகளும் தாங்காது என்று சொல்லி, 1954 ஆகஸ்டில் தீர்ப்பைத் திருத்திக் குறைத்தது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்.

கிரி விலகினார். தீர்ப்பாயம் வேண்டாம் என்று சொல்வது கொள்கை. தீர்ப்பாயத்துக்குப் போ என்று ஊழியனை அனுப்பிவிட்டு, தீர்ப்பு பிடிக்காதபோது அதை அரசே மாற்றுவது நம்பிக்கைத் துரோகம். அவருக்கு இரண்டுக்கும் உள்ள தொலைவு தெரிந்திருந்தது. நேருவின் அமைச்சரவையிலிருந்து கொள்கைக்காக விலகியவர்கள் சிலர். குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக விலகியவர் இவர்தான். இந்த ஒரு செயலுக்காகவே நான் அவரை மதிக்கிறேன். பிறகு கஜேந்திரகட்கர் கமிஷன் அமைந்து 1955-இல் சட்டம் வந்து, ஊழியர் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

விலை கொடுக்காமலும் போகவில்லை. 1957 தேர்தலில் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில் தோற்றார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-இல் வழக்கிலும் தோற்றார். அந்த 1957-இலேயே இந்தியத் தொழிலாளர் பொருளியல் கழகத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் லக்னோ, திருவனந்தபுரம், பெங்களூர் என்று மூன்று ஆளுநர் மாளிகைகள். 1967-இல் குடியரசுத் துணைத்தலைவர். இந்தப் பத்தாண்டுகளில் நம் பொருளுக்குத் தேவையானது அதிகமில்லை.

5. 1969

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானார். தற்காலிகக் குடியரசுத் தலைவரான கிரி ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு, மறுநாள் பதவி விலகி, சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். நீலம் சஞ்சீவ ரெட்டியை எதிர்த்து நடந்த அந்தத் தேர்தலை இந்திரா காந்தியின் அரசியலாக எல்லோரும் எழுதிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டின் திமுகவும் கிரிக்கு வாக்களித்தது. முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை வராமல், இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அதுதான். முடிவில் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. மூன்றாவதாக வந்தவர் பெயர் சி.டி. தேஷ்முக். ஆம், 1954-இல் வங்கித் தீர்ப்பைத் திருத்திய அதே நிதியமைச்சர். இருவரும் மறுபடி ஒருவரையொருவர் எதிர்த்து நின்றது அந்தத் தேர்தலில்.

என் கவனம் அந்தக் கையெழுத்தின் மேல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வங்கி ஊழியருக்காக அமைச்சர் பதவியை விட்டவர், இப்போது அந்த வங்கிகளுக்கு அரசையே முதலாளியாக்கினார். 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியபோது, புதிய அவசரச் சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார். அரசு முதலாளியானால் தொழிலாளிக்கு நல்லது என்று அந்தத் தலைமுறை முழுதும் நம்பியது. கிரியும் நம்பினார். அந்த நம்பிக்கையைச் சோதிக்க ஐந்தாண்டு போதுமானதாக இருந்தது.

6. 1974

1974 மே 8 அன்று ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னின்று நடத்தியது கிரி கட்டிய அதே அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம். இப்போது தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். எட்டு மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறை ஊழியருக்கு நிகரான சம்பளம் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே மே 2 அன்று பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். பல்லாயிரம் பேர் சிறையில். ரயில்வே குடியிருப்புகளில் நுழைந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். மே 27 அன்று வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

அப்போது நாட்டின் குடியரசுத் தலைவர் கிரி. அவருக்கு வயது 79. பதவிக்காலம் ஆகஸ்டில் முடிந்தது. முழுக்காலமும் இருந்தே இறங்கினார். அரசமைப்பின்படி அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் என்று சொல்லலாம், சரிதான். ஆனால் 1954-இல் அமைச்சராக விலகியவர் 1974-இல் விலகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வரலாற்று மாணவனாக எனக்கு அது வலிக்கிறது. பேச்சுவார்த்தை மேசையிலிருந்து தொழிலாளர் தலைவரைப் போலீஸ் வேனில் ஏற்றுவது, கிரி கொள்கையின் ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரானது. அதைச் செய்தது அவர் பெயரால் நடந்த அரசு. அந்த மே மாதத்தில் இந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ரிங் ரயில் நிலையம் இங்கேயே இருக்கிறது. உங்களில் சிலருக்கு ரயில்வேயில் உறவினர் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

7. 1966-இல் பிரிந்த இரண்டு வழிகள்

கடைசியாக ஒரு ஆண்டுக்குத் திரும்புகிறேன். 1966 அக்டோபர் 19 அன்று வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கமும் முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீர்ப்பாயம் தீர்ப்பாயமாக அலைந்து களைத்தவர்கள் நேரே உட்கார்ந்து பேசினார்கள். கிரி நைனிதாலில் கேட்டது பதினான்கு ஆண்டு கழித்து, அவர் பதவி துறந்த அதே துறையில் நடந்தது. 1969-இல் அரசு முதலாளியான பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. 12-ஆவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தானது. இழுபறி இருக்கிறது, தாமதம் இருக்கிறது. ஆனால் கடைசியில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகின்றன.

அதே 1966-இல் மத்திய அரசு ஊழியருக்குக் கூட்டு ஆலோசனை இயந்திரம், அதாவது நீங்கள் ஜேசிஎம் என்று சொல்வது, தொடங்கியது. 1960 ஜூலையில் ஐந்து நாள் வேலைநிறுத்தம் நடந்து நசுக்கப்பட்டதன் விளைவு அது. உங்களுக்குக் கிடைத்தது கூட்டு ஆலோசனை. ஒப்பந்தம் அதில் இல்லை. சம்பளம், வேலை நேரம், விடுப்பு என்ற சில பொருள்களில் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அதை மாற்றும்படி அரசு நாடாளுமன்றத்தைக் கேட்கலாம். அதாவது 1954 ஆகஸ்டில் கிரி எதை ஏற்க முடியாது என்று வெளியேறினாரோ, அந்த அதிகாரம் உங்கள் திட்டத்துக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டே ஆண்டில், 1968 செப்டம்பர் 19 அன்று, தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கேட்டு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தீர்கள். மறுபடி அவசரச் சட்டம், மறுபடி வேலையிழப்பு.

அந்தக் குறைந்தபட்ச ஊதியத்தின் கணக்கு 1957-ஆம் ஆண்டின் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் வகுக்கப்பட்டது. குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் ஒரு பங்கு. ஏழாவது சம்பளக் கமிஷன் இந்தக் கணக்கைப் பயன்படுத்தித்தான் 18,000 ரூபாய் என்றது; உங்கள் ஊழியர் தரப்பு அதே கணக்கை வைத்து 26,000 கேட்டது. 2016 ஜூலை 11 அன்று தொடங்க வேண்டிய வேலைநிறுத்தம் அமைச்சர்களின் வாக்குறுதியின் பேரில் தள்ளிவைக்கப்பட்டது. 18,000 அப்படியே நின்றது. இரண்டு கணக்கில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கணக்கை எதிரெதிரே வைத்து இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு மேசை ஏன் இல்லை என்பதே என் கேள்வி. வங்கி ஊழியருக்கு அந்த மேசை இருக்கிறது. அவர்களுடைய முதலாளியும் பெரும்பாலும் அரசுதான். ஆகவே அரசு முதலாளியாக இருந்தால் பேரம் பேச முடியாது என்ற வாதம் நடைமுறையிலேயே பொய்த்திருக்கிறது.

மாநில ஊழியர் நிலைமை இன்னும் மோசம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கப்பட்டதும், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றதும் நீங்கள் அறிந்ததே. உரிமை இல்லை என்றால் அதற்கு ஈடாக என்ன தருகிறீர்கள் என்று அந்தத் தீர்ப்பு அரசைக் கேட்டிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 51 விழுக்காடு உறுப்பினர் உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. கிரி கேட்ட அங்கீகாரம் ஒருவழியாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு அது போடும் நிபந்தனைகள் தனி விவாதம். எப்படியானாலும் கோப்புகளோடு உட்காரும் அரசு ஊழியருக்கு அந்தப் பிரிவால் பயனில்லை.

எட்டாவது சம்பளக் கமிஷன் பற்றிய பேச்சு நடக்கும் இந்த நேரத்தில் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, உங்கள் சங்கங்கள் சம்பள விகிதத்தோடு நிற்காமல், நடுவர் தீர்ப்பைத் திருத்தும் அந்த அதிகாரத்தை நீக்கவும் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, நொய்டாவில் கிரியின் பெயரால் தேசியத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. 1960, 1968, 1974 வேலைநிறுத்தங்களில் இந்தக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழர்கள் என்ன பார்த்தார்கள், யார் வேலையிழந்தார்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதைத் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்து அங்கே ஒப்படைக்க வேண்டும். பழைய பிளாக்குகள் போய்விட்டன. அன்றைய பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது துவாரகாவிலும் மயூர் விஹாரிலும் சென்னையிலும் பிரிந்து கிடக்கிறார்கள். யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்று இன்றைக்கே இந்த மண்டபத்தில் ஒரு பட்டியல் போட ஆரம்பிக்கலாம். தாள் மேசையில் இருக்கிறது. கேள்விகளையும் வரவேற்கிறேன்.